வாழ்நாட் கல்வியும் நூல் நிலையமும்

திருக்குறளின் பொருட்பாலில் கல்வி, கல்லாமை, கேள்வி என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்வைப்பு முறை நம் சிந்தனைக்கு உரியது. இளமையில் ஓதும் வாய்ப்புப் பெற்றார்க்கு ஒரு வழியும், அவ்வாய்ப்பை இழந்தார்க்குச் செவி வாயிலாகக் கற்கும் மற்றொரு வழியும் உண்டென்பதை வள்ளுவர் பெருமான் இவ்வமைப்பினாலேயே காட்டிவிடுகின்றார். கற்பதற்குப் பருவ வரம்பு இல்லை என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று.

ஆயினும், கற்க வேண்டும் என்னும் ஆசை வேறு. கற்பதற்குரிய வாய்ப்பு வேறு. பள்ளிச் சிறுவனுக்கு ஆசிரியர் உண்டு. பாட நூல் உண்டு. தேர்வு என்னும் கட்டாயமும் உண்டு. பள்ளியை விட்டு வெளியேறி, அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பணிபுரிந்து, மாலையில் களைத்து வீடு திரும்பும் ஒருவருக்கு இவற்றுள் யாது உண்டு? பகற்பொழுதெல்லாம் வீட்டு வேலையிலேயே கழியும் பெண்மணிக்கு யாது உண்டு? ஓய்வு பெற்ற முதியவருக்கு யாது உண்டு? இவ்வினாவிற்கு நம் நாடு கண்ட விடைகளுள் தலையாயது பொது நூல் நிலையம். அவ்விடை எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், அதில் ஒரு தமிழரின் பங்கு எத்துணைப் பெரிது என்பதையும் இம்மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம். அத்தமிழர் சீகாழியில் பிறந்து, சென்னையில் பணியாற்றி, பின்னர்க் காசியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் தொண்டு புரிந்த டாக்டர் எஸ். ஆர். அரங்கநாதன். நம்மைப் போலவே பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழ்ந்தவர் அவர். ஆதலின் அவர் வரலாறு நம் ஆண்டு விழா மலருக்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

முதலில் பழைய நிலையைச் சிறிது நோக்குவோம். அச்சுப்பொறி வருமுன் நூல் என்பது ஓலைச்சுவடியே. ஒரு சுவடியைப் பெயர்த்தெழுதப் பல நாள் உழைப்பு வேண்டும். எழுதி வைத்த பின்னரோ, செல்லுக்கும் ஈரத்திற்கும் தீக்கும் அஞ்சி அதனைக் காக்க வேண்டும். ஆகவே அரண்மனைகளும் மடங்களும் புலவர் இல்லங்களும் சுவடிகளைப் பொன்போற் பூட்டிக் காத்தன. தஞ்சைச் சரசுவதி மகால் போன்ற பெருங் களஞ்சியங்கள் இன்று நமக்குக் கிடைத்திருப்பது அக்காவலின் பயனே. பொதுமக்களோ கோயில் மண்டபத்தில் பாரதம் படிக்கக் கேட்டும், புராணப் பிரசங்கம் கேட்டும், கூத்துக் கண்டும் தம் அறிவை வளர்த்துக்கொண்டனர். இக்கேள்விச் செல்வம் போற்றத்தக்கதே. எனினும் அதில் ஒரு குறை உண்டு. இன்னதைக் கற்க வேண்டும் என்று தேர்பவர் சொல்பவரேயன்றிக் கேட்பவர் அல்லர். தமக்கு வேண்டிய பொருளைத் தாமே தேடிக் கற்க விரும்புவாருக்கு அங்கே வழி குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு நூல்கள் பெருகின, விலையும் குறைந்தது. ஆனால் ஓலைச்சுவடிக்குரிய அச்சம் அச்சுப் புத்தகத்தின்மேலும் தொடர்ந்தது. புத்தகம் போய்விடுமோ, கிழிந்துவிடுமோ என்னும் கவலை, அதனைப் படிப்பவர் உண்டோ என்னும் கவலையினும் மிகுந்து நின்றது. 1896-ஆம் ஆண்டில் சென்னையில் கன்னிமாரா பொது நூல் நிலையம் திறக்கப்பெற்றது பெரியதொரு நன்மையே. ஆயினும் அது தலைநகர மக்களுக்கே எட்டுவது. சிற்றூரில் வாழ்வாருக்கு நூல் நிலையம் என்பது அந்நாளில் கேள்விப்படாத பொருளாகவே இருந்தது.

சிற்றூர்களையும் எண்ணிப் பார்த்து இந்திய நாட்டில் முதலில் பெருமுயற்சி செய்தவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் ஆவர். அவர் சிற்றூரொன்றில் பிறந்து, 1875-ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதில் அரச குடும்பத்திற்குச் சுவீகாரமாக வந்தவர். எழுத்தறியத் தொடங்கியதே அதன் பின்னர்தான். தாம் காலந்தாழ்த்திப் பெற்ற கல்வியின் அருமையை நன்குணர்ந்த அம்மன்னர், 1893-இல் அம்ரேலி வட்டத்திலும் 1906-இல் தம் நாடு முழுவதிலும் கட்டாயத் தொடக்கக் கல்வியை ஏற்படுத்தினார். பள்ளி மட்டும் போதாது என்பது அதன் பின்னர்த் தெளிவாகியது. பள்ளியில் எழுத்தறிந்த சிறுவன் ஏர் பிடிக்கச் சென்றபின் படிக்க நூலின்றிப் போனால், கற்ற எழுத்தும் சில ஆண்டுகளில் மறந்துபோகும் அன்றோ? ஆதலின் 1910-இல் அமெரிக்க நாட்டிலிருந்து போர்டன் என்னும் நூல் நிலைய அறிஞரை வரவழைத்து, தலைநகரில் நடுவண் நூல் நிலையமும், ஊர்களில் சிறு நூல் நிலையங்களும், பெட்டிகளில் நூல்களை அடுக்கி ஊர்தோறும் அனுப்பும் முறையும் அமைத்தார். தொடக்கக் கல்வியைக் காப்பதற்கே பின்தொடரும் கல்வி வேண்டும் என்பது பரோடா நமக்கு அளித்த பாடம்.

இனி, நம் அரங்கநாதனாரிடம் வருவோம். அவர் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துச் சீகாழியில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்று, கல்லூரிகளில் கணித ஆசிரியராக விளங்கினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றி வருகையில், சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூல் நிலையத்திற்குத் தலைவர் ஒருவரைத் தேடியது. 1924-ஆம் ஆண்டு சனவரியில் அப்பதவி அரங்கநாதனாருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 31. நூல் நிலையத் தொழிலில் அவர் ஒரு நாளும் பயிற்சி பெற்றவர் அல்லர்.

பதவியேற்ற சில நாட்களுக்குள் அவருக்கு அப்பணி வெறுத்துப்போயிற்று. மாணவர் குழாம் சூழ வாழ்ந்தவருக்கு, ஆளரவமற்ற நூல் நிலையத்தின் தனிமை தாங்கொணாததாக இருந்தது. பழைய கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பிக் கல்லூரித் தலைவரிடம் சென்று முறையிட்டார். இங்கிலாந்து சென்று பயிற்சி பெறுவது அப்பதவிக்குரிய ஏற்பாடுகளுள் ஒன்றாக இருந்தமையால், முதலில் சென்று வருக, பின்னரும் மனம் பொருந்தாவிடில் பார்த்துக்கொள்ளலாம் என்னும் கருத்தில் தலைவர் அவருக்கு அறிவுரை கூறினார். ஆசிரியர் மீண்டும் மாணவர் ஆனார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூல் நிலையக் கலையைப் பயின்றபொழுது, குராய்டன் நகரின் நூல் நிலையத் தலைவர் பெர்விக் சேயர்ஸ் என்பார் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அந்நாட்டு நூல் நிலையங்கள் பலவற்றையும் அரங்கநாதனார் நேரிற் சென்று கண்டார். ஆங்குத் தொழிலாளரும் பெண்டிரும் சிறுவரும் முதியோரும் தத்தமக்கு வேண்டிய நூலைத் தாமே எடுத்துப் படித்தனர். ஓதுதலைப் பள்ளியோடு முடித்துக்கொள்ளாத ஒரு சமுதாயத்தை அவர் கண்ணாரக் கண்டார். கல்லூரி வகுப்பில் தாம் கற்பித்தவர் ஒரு சிலரே. நூல் நிலையத்தின் வாயிலாகக் கற்பிக்கக் கூடியவரோ ஊர் முழுவதும் என்பது அவருக்கு விளங்கியது. 1925-இல் சென்னைக்குத் திரும்பிய பின்னர்க் கணித ஆசிரியர் பதவியை அவர் நாடவில்லை.

இலண்டனில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை அவர் பார்த்தார். சில இரும்புத் துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு வண்டி, பாலம், பொறி எனப் பல பொருள்களைப் பூட்டிச் செய்யும் கருவி அது. நூல்களைப் பகுக்கும் அந்நாளைய முறைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் இடம் வகுத்திருந்தனர். புதிய கலையொன்று தோன்றினால் அதற்கு இடமின்றி இடர்ப்பட நேரும். மெக்கானோவைக் கண்ட அரங்கநாதனார், அடிப்படைக் கருத்துகளை மட்டும் தனித்தனித் துண்டுகளாக வைத்துக்கொண்டு, நூலின் பொருளுக்கேற்ப அவற்றை இணைத்துக்கொண்டால் என்ன என்று எண்ணினார். அத்துண்டுகளை இணைப்பதற்கு அவர் கொண்ட குறியே முக்காற்புள்ளியாகிய கோலன். 1933-இல் அச்சேறிய அவருடைய பகுப்பு முறை இதனாலேயே கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது. அறிவு ஓரிடத்தில் நின்றுவிடும் பொருளன்று. நாளும் வளரும் அறிவிற்கு நாளும் இடம் செய்யவல்ல அமைப்பு வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

சென்னைப் பல்கலைக்கழக நூல் நிலையத்தில் அவர் செய்த மாறுதல்களுள் முதன்மையானது அலமாரிகளைத் திறந்து வைத்தது. படிப்பவர் தாமே அலமாரியின் அருகிற் சென்று, நூலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம் என்னும் நிலையை ஏற்படுத்தினார். இதன் பயனை எண்ணிப் பார்க்க வேண்டும். சீட்டெழுதிக் கொடுத்து நூல் பெறும் இடத்தில், பெயர் தெரிந்த நூலை மட்டுமே ஒருவர் கேட்க முடியும். திறந்த அலமாரியின் முன் நிற்பவரோ, தேடி வந்த நூலின் அருகே தாம் அறியாத வேறு நூலையும் காண்கின்றார். ஒரு பொருளை நாடி வந்தவர் மற்றொரு பொருளில் ஆர்வம் கொண்டு செல்கின்றார். ஆசிரியர் இல்லாத முதியோருக்கு இத்திறந்த அலமாரியே ஆசிரியராகின்றது.

1928-ஆம் ஆண்டில் சென்னை நூல் நிலையச் சங்கம் தோன்றியது. அரங்கநாதனார் 1945 வரை அதன் செயலாளராக இருந்தார். அவ்வாண்டின் இறுதியில் சிதம்பரத்தில் நிகழ்ந்த கல்வி மாநாட்டில் அவர் ஐந்து விதிகளை விளக்கினார். 1931-இல் அவை நூலாக வெளிவந்தன, பி. எஸ். சிவசாமி ஐயர் அதற்கு முன்னுரை வழங்கினார். அவ்விதிகளின் கருத்தை நம் சொற்களிற் கூறுவோம். புத்தகம் படிப்பதற்காக உள்ளது என்பது முதல் விதியின் பொருள். படிப்பவர் யாராயினும் அவருக்கு உகந்த நூல் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. அலமாரியிலுள்ள ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் காலம் வீணாகலாகாது என்பது நான்காவது. நூல் நிலையம் உயிருள்ள பொருள்போல வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாவது. கேட்பதற்கு இவை மிக எளியனவாகத் தோன்றும். ஆயினும் இவற்றைக் கடைப்பிடிப்பின் பூட்டிய அலமாரி நிற்காது; அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் நூல் நிலையமும் நிற்காது. பெண்டிர்க்கு உகந்த நூல் இல்லை, சிறுவர்க்கு உகந்த நூல் இல்லை என்னும் சொல்லும் நிற்காது.

இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டி நூல் நிலையம் ஒன்று புறப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர். பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நூல்களைத் தாங்கிய வண்டி ஊர் ஊராகச் சென்றது. வேளாண் மக்கள் நூல் நிலையத்தைத் தேடிப் போகும் நிலையில் இல்லை. நூல் நிலையமே அவர்களைத் தேடிச் சென்றது. ஓய்வு பெற்ற ஒருவர் தம் எஞ்சிய நாட்களைப் பிறர் கற்பதற்கென அளித்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

நன்கொடையும் நல்லெண்ணமும் கொண்டு ஓரளவே செல்ல முடியும் என்பதை அரங்கநாதனார் உணர்ந்திருந்தார். நூல் நிலையத்திற்கு நிலையான வருவாய் வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடினார். அதன் பயனாக 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பின் நம் நாட்டில் இயற்றப்பட்ட முதற் பொது நூலகச் சட்டம் அதுவே. வீட்டு வரி அல்லது சொத்து வரியில் ரூபாய் ஒன்றுக்கு 6 பை வீதம் நூலக வரி விதிக்கப்பட்டது. அன்றைய கணக்கில் 12 பை சேர்ந்தது ஓரணா. ஆகவே 10 ரூபாய் வீட்டு வரி செலுத்திய குடும்பம் நூலகத்திற்கென 5 அணா செலுத்தியது. அவ்வணாக்கள் சேர்ந்து மாவட்டந்தோறும் நூல் நிலையங்களாயின. வரியின் அளவு பின்னர் உயர்ந்தது. கல்விக்கு வள்ளல் ஒருவரின் பெருங்கொடை வேண்டியதுதான்; ஆனால் பலர் கூடிச் செலுத்தும் சிறு தொகையே அதனை நீடிக்கச் செய்கின்றது.

நிற்க. இச்சட்டம் நிறைவேறிய காலத்தில் அரங்கநாதனார் சென்னையில் இல்லை. இருபதாண்டுப் பணிக்குப் பின், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், 1945-இல் அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்குக் குவிந்து கிடந்த நூல்களைப் பகுத்து ஒழுங்கு செய்தார். 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கு வந்து, நூலக இயலில் உயர்பட்டப் படிப்புகள் தோன்றக் காரணமானார். அவர் தில்லியில் இருந்த காலத்தில்தான், 1951 அக்டோபர் 27-ஆம் நாள், யுனெஸ்கோவின் துணையோடு அமைந்த தில்லிப் பொது நூல் நிலையத்தைப் பண்டித நேரு திறந்து வைத்தார். புதிதாக எழுத்தறிந்த முதியோரும் கட்டணமின்றிப் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பின்னர் அரங்கநாதனார் ஸ்விட்சர்லாந்து நாட்டுச் சூரிக் நகரில் சில ஆண்டுகள் தங்கி ஆராய்ந்தார். தம் சேமிப்பிலிருந்து ஓரிலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, தம் துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரையும் இணைத்து நூலக இயற் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படச் செய்தார். 1962-இல், எழுபதை நெருங்கிய வயதில், பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார்.

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைக் கவர்வது யாதெனின், கோலன் பகுப்பு முறைக்கு அவரே செய்த திருத்தங்கள். 1933-இல் வெளிவந்த அந்நூலை 1939, 1950, 1952, 1957, 1960 ஆகிய ஆண்டுகளில் மாற்றியும் பெருக்கியும் மீண்டும் மீண்டும் வெளியிட்டார். உலகம் புகழ்ந்த நூலை அதன் ஆசிரியரே ஐந்து முறை பிரித்துக் கட்டினார். புதிய அறிவியல்கள் பிறந்தன. பழைய பாகுபாடு போதவில்லை. ஆதலின் அவர் மீண்டும் கற்றார். பிறர் கற்பதற்கு வழி வகுத்தவர் தாமும் கற்பதை நிறுத்தவில்லை.

இவ்வரலாறு வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு உணர்த்துவது என்ன? நம் முன்னோரிற் பலர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, அவ்விரண்டையுமே முதலாகக் கொண்டு ரயிலேறியவர்கள். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அத்திறமை அவர்களுக்குச் சோறிட்டது. இன்று தட்டச்சுப் பொறி அலுவலகங்களிலிருந்து மறைந்துவிட்டது; கணிப்பொறி வந்து அமர்ந்துள்ளது. இளமையில் கற்ற ஒரு தொழில் ஓய்வு பெறும் வரை காப்பாற்றும் என்னும் உறுதி நம் பிள்ளைகளுக்கு இல்லை. நம் இல்லத்துப் பெண்டிரோ, முப்பது வயதில் மொழி தெரியாத ஊருக்கு வந்து, காய்கறிக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் பேசிப் பேசியே இவ்வூர் மொழியைக் கற்றவர்கள். அது வள்ளுவர் கூறிய கேள்வியின் பாற்பட்டதே. வேற்றூரில் வாழ்பவர் கல்லாமல் வாழ இயலாது. அவர்களது கல்விக்கு நாம் என்ன துணை செய்கின்றோம் என்பதே வினா.

கைப்பேசி இருக்கையில் நூல் நிலையம் எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். கைப்பேசி நான்காம் விதியை நன்கு நிறைவேற்றுகின்றது என்பதை ஒப்புக்கொள்வோம். கேட்ட செய்தியை நொடியில் தருகின்றது. ஆனால் எதைக் கேட்பது என்று அறியாதவருக்கு, அருகிருந்து நூலை எடுத்துக் காட்டும் மனிதர் ஒருவர் வேண்டும். வீட்டில் தமிழ் பேசியும் தமிழெழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு, தாத்தாவோ பாட்டியோ அருகமர்ந்து படித்துக் காட்டும் படநூல் வேண்டும். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் ஒரு தலைமுறையில் விட்டுப்போயின், அடுத்த தலைமுறைக்கு நம் நூல்கள் யாவும் பூட்டிய சுவடிகளாகவே ஆகிவிடும்.

வெளியூர்த் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றில் நூல் நிலையம் என்பது ஓர் இரும்பு பீரோவும் அதன் சாவியுமாக உள்ளது. சாவியை வைத்திருப்பவர் ஊரில் இல்லாத நாளில் நூலும் இல்லை. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அலமாரியைத் திறந்து வைக்கலாம். வேலைக்குச் செல்வோர் திரும்பும் மாலை வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கூடத்தைத் திறக்கலாம். ஓய்வு பெற்ற அன்பர் இருவர் மூவர், மன்னார்குடி வண்டியை நினைந்து, பையில் பத்து நூல்களோடு காலனியின் வீடுகளுக்குச் சென்று வரலாம். மாடியிறங்க இயலாத முதியவரும் கைக்குழந்தையோடு இருக்கும் தாயும் அதனாற் பயன்பெறுவர். தமிழ் அரிச்சுவடியோடு இவ்வூர் மொழியின் அரிச்சுவடியும், கணிப்பொறி பற்றிய எளிய தமிழ் நூல்களும் அலமாரியில் இடம் பெறலாம். சந்தாவோடு குடும்பத்திற்கு ஒரு சிறு தொகை நூலுக்கென்று சேருமாயின், ஆண்டுதோறும் புதிய நூல்கள் வந்துகொண்டிருக்கும்.

சீகாழியிற் பிறந்த ஒரு கணித ஆசிரியர், விருப்பமின்றி ஏற்ற பணியை முப்பத்தொரு வயதில் புதிதாகக் கற்று, நாடு முழுமைக்கும் கற்கும் வாயிலைத் திறந்துவிட்டார். அவர் திறந்த வாயில் நம் காலனியிலும் மூடாதிருத்தல் நம் கடமை. நூல் நிலையம் வளர்வது என்றார் அவர். அது வளருமிடத்தில் மக்களும் வளர்வர். மக்கள் வளருமிடத்தில் சங்கமும் வளரும். அவ்வளர்ச்சி அனைவர்க்கும் எய்துக.